விகிதத்தைக் குறைப்பதா, மணியைக் குறைப்பதா: ஏற்காட்டில் இரு விமானிகள் வாதிட்டதைக் கேட்ட அனுபவம்

சேலத்து நூற்பாலைத் தொழிற்சங்கம் ஒன்றில் நெடுங்காலம் பொறுப்பில் இருந்தவன் நான். ஆட்குறைப்பைத் தவிர்க்க ஊதியத்தில் எதை விட்டுக்கொடுப்பது என்று எங்கள் வாயிற்கூட்டங்களில் நடந்த அதே சண்டையைத்தான் லட்சக்கணக்கில் ஊதியம் பெறும் விமானிகளும் போடுகிறார்கள் என்பது, ஏற்காட்டில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானியாக இருக்கும் என் அக்கா மகனும், ஓய்வுபெற்று நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டம் பார்க்கும் ஒரு கேப்டனும் மாலை முழுவதும் வாதிட்டார்கள்.

2020இல் கொரோனா நிவாரணச் சட்டத்தின்படி ஊதிய உதவி பெற்ற அமெரிக்க நிறுவனங்கள் செப்டம்பர் 30 வரை யாரையும் நிறுத்தக்கூடாது என்றிருந்தது. அதற்குப் பிறகு என்ன என்பதே அப்போதைய கேள்வி. அங்கே ‘ஃபர்லோ’ என்றால் ஊதியமின்றி வீட்டுக்கு அனுப்புவது. பணிமூப்பு எண் மட்டும் அப்படியே இருக்கும், திரும்ப அழைக்கும்போது அந்த வரிசைப்படி அழைப்பார்கள். நான் பழகிய 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் லே-ஆஃப் (தற்காலிகமாக வேலை தராமல் நிறுத்துவது) என்றால் அடிப்படை ஊதியத்திலும் பஞ்சப்படியிலும் பாதியாவது கிடைத்துவந்தது. அங்கே விமானிக்குச் சட்டப்படி அதுவும் இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

மருமகன் தன் கைபேசியில் பணிமூப்புப் பட்டியலைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பகுதிக்கு வந்து தன் பெயரைக் காட்டினான். “கடைசியில் சேர்ந்தவன் முதலில் போக வேண்டும் மாமா. ஆனால், கீழே உள்ளவர்களை நீக்கினால் மேலே உள்ளவர்கள் வேறு ரக விமானத்துக்கு மாற வேண்டும், ஒவ்வொருவருக்கும் சிமுலேட்டரில் புதிதாகப் பயிற்சி தர வேண்டும், அந்தச் செலவுக்கு நிர்வாகமும் அஞ்சுகிறது” என்றான். அமெரிக்காவின் யுனைடெட் நிறுவன விமானிகள், பறக்கும் மணிக்கு இவ்வளவு என்ற ஊதிய விகிதத்தைத் தொடாமல் பறக்கும் நேரத்தைப் பகிர்ந்துகொண்டு சுமார் 2,850 பேரைக் காப்பாற்றியதையும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிகள் 20 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து மறையும் வெட்டை ஏற்றுக்கொண்டதையும் எடுத்துச் சொன்னான். அந்த இரண்டாவது ஏற்பாட்டுக்குப் பிறகும் 270 பேர் வேலையிழந்தார்கள் என்பதை அவன் மறைக்கவில்லை.

கேப்டன் இது எதையும் ஏற்கவில்லை. “விட்டுக்கொடுத்தது எப்போது திரும்பி வந்தது, தம்பி?” என்று கேட்டு 2003க்குப் போய்விட்டார். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திவாலாகாமல் இருக்க விமானிகள் 23 விழுக்காடு வெட்டுக்கு இசைந்த வேளையில், உயர் அதிகாரிகளுக்கு ஊக்கத்தொகையும் ஓய்வூதியப் பாதுகாப்பும் ஒதுக்கியிருந்த செய்தி வெளியே வந்து, தலைவர் டான் கார்ட்டி பதவி விலக நேர்ந்தது. மணியைக் குறைப்பதும் ஊதியத்தைக் குறைப்பதுதான் என்பதற்கு அவர் இந்திய விமான நிறுவனமான விஸ்தாராவைக் காட்டினார்: ஏர் இந்தியாவுடன் இணையும் தறுவாயில், 2024இல், ஊதியம் உறுதி செய்யப்பட்ட மாதாந்திரப் பறக்கும் நேரம் 70 மணியிலிருந்து 40 மணியானபோது விமானிகள் பலர் உடல்நலக் குறைவு என்று விடுப்பெடுத்தார்கள், ஏப்ரல் தொடக்கத்தில் விமானங்கள் வரிசையாக ரத்தாயின.

இந்த இடத்தில்தான் நான் வாய் திறந்தேன். சங்கத்தில் இருந்தவனுக்கு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்தான் முதலில் கண்ணில் படும். சேலத்தில் ஓர் ஆலையில், ஆட்குறைப்பு வேண்டாம் என்பதற்காகப் பஞ்சப்படியை உறைய வைக்க, அரசின் சமரச அதிகாரி முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. எந்த மாதத்தில் உறைநிலை நீங்கும் என்ற வரி அதில் இல்லை, நிர்வாகம் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. ஆகவே மணியா, விகிதமா என்பதைவிட, எந்தத் தேதியில் தானாகவே பழைய நிலை திரும்பும், அதற்குள் ஒருவரை நிறுத்தினாலும் ஒப்பந்தம் செல்லாது என்று எழுதியிருக்கிறதா, அதிகாரிகளின் தொகையும் அதே தாளில் இருக்கிறதா என்பவையே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. விஸ்தாராவில் குறைந்ததற்கு முடிவுத் தேதி கிடையாது. யுனைடெட் ஏற்பாட்டுக்கு இருந்தது.

கேப்டன் அதையும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. 65 வயதில் சட்டமே விமானியை இறக்கிவிடுகிறது. கடைசி ஆண்டுகளில் விட்டுக்கொடுப்பவர் அதை மீட்க எந்தத் தேதி வரை காத்திருப்பார் என்று கேட்டார். மருமகன் அதற்குப் பதில் சொல்லவில்லை. தன் நிறுவனத்தில் இப்படியோர் ஒப்பந்தம் வாக்குக்கு வந்தபோது தான் ‘ஆம்’ என்றே வாக்களித்ததாகவும், மூத்தவர்களின் வாக்கு இல்லாமல் அது நிறைவேறியிருக்காது என்றும் சொன்னான்.