3,500 ரூபா ஷிம்மர் ஐஷேடோ: மணப்பெண் கிட்டுக்கு வாங்கலாமா?

நகரி_பார்லர் கேட்டது:

கிட்டுல ஒரு லக்ஷரி ஷிம்மர் சேர்க்கலாமான்னு யோசனை. வெளிநாட்டு பிராண்டு, ஒத்தை ஷேடோ, ஷாம்பெயின் கோல்டு, 1.5 கிராம், எம்ஆர்பி 3,500 ரூபா. பார்க்க அதே நிறத்துல, அதே எடையில இந்திய பிராண்டு 450 ரூபாய்க்குக் கிடைக்குது.

வேலை திருத்தணி, நகரி, புத்தூர் பக்கம். மாசம் நாலஞ்சு கல்யாணம், பெரும்பாலும் மாநிறமும் கருப்பும். தெலுங்கு வீடுன்னா முகூர்த்தம் ராத்திரி 11-க்கு, சில சமயம் 2 மணிக்கு. எல்இடி லைட்டும் ஃபிளாஷும்தான். தமிழ் வீடுன்னா விடியக்காலை, ஓமப்புகை. மே மாசத்துல திருத்தணி வெயிலைப் பத்திச் சொல்லவே வேண்டாம், 40 டிகிரி சாதாரணம்.

வித்தியாசம் கண்ணுல தெரியுமா, இல்ல டப்பாவுக்குத்தான் காசா? பொடி உதிர்றதும் மடிப்புல கோடு விழறதும் லக்ஷரியில குறையுமா? எங்க வாங்கினா நல்லது?

காக்காப்பொன் பதில்:

ஷாம்பெயின் கோல்டுக்கா? அந்த நிறத்துக்கு வேண்டாம். வேற நிறம்னா பேசலாம்.

ஷிம்மர்ல மின்னுறது மைக்கா, அதாவது காக்காப்பொன். உங்களுக்கு அந்தாண்ட நெல்லூர், கூடூர்ப் பக்கம் சுரங்கத்துல எடுத்து ஏடு ஏடா உரிச்சாங்களே, அதே கல்லுதான். அதைப் பொடிச்சு, ஒவ்வொரு செதில் மேலயும் டைட்டானியம் டை ஆக்சைடை மெல்லிசாப் பூசுவாங்க. பூச்சு 50 நானோமீட்டர் கிட்ட இருந்தா வெள்ளியா மின்னும். கொஞ்சம் தடிச்சா தங்கம், இன்னும் தடிச்சா சிவப்பு, அப்புறம் நீலம், பச்சை. இதுல சாயமே கிடையாது. மழைத்தண்ணி மேல பெட்ரோல் படிஞ்சா வானவில் காட்டுதே, அதே கணக்கு. ஷாம்பெயின் கோல்டுக்கு இதோட துளி இரும்பு ஆக்சைடு சேர்த்தா போதும். பழகின, மலிவான சரக்கு. பூசின மைக்காவைத் தயாரிக்கிறதும் பெரும்பாலும் மேக்கப் கம்பெனிங்க இல்ல, நிறமி கம்பெனிங்க. 450 ரூபா டப்பாவுக்கும் 3,500 ரூபா டப்பாவுக்கும் சரக்கு அந்த மாதிரி இடத்துல இருந்துதான் வருது.

லக்ஷரியில உண்மையிலேயே மாறுறது ரெண்டு விஷயம். ஒண்ணு, செதில். சுரங்க மைக்காவுல இரும்பு கலந்திருக்கிறதால லேசா ஒரு மங்கல் இருக்கும். செயற்கை மைக்காவுல அது கிடையாது, மின்னல் தெளிவா வரும்; பொருள் பட்டியல்ல சிந்தெட்டிக் ஃபுளோர்ஃப்ளோகோபைட்னு இருக்கும். அதுக்கும் மேல போரோசிலிகேட் கண்ணாடிச் செதில், கால்சியம் சோடியம் போரோசிலிகேட்னு போட்டிருப்பாங்க. அதோட பரப்பு வழவழன்னு இருக்கிறதால ஈரம் பட்ட மாதிரி, புள்ளி புள்ளியா ஜொலிக்கும். ரெண்டாவது, பிடிமானம். டைமெத்திகோன் மாதிரி எண்ணெய் கூடுதலாச் சேர்த்த ஷேடோ கைக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும், உதிர்றது குறையும். டால்க் நிறையப் போட்டு அழுத்தினது காஞ்சு போய்ப் பொடியாக் கொட்டும். கருப்புத் தோல்ல சாம்பல் பூத்த மாதிரி தெரியறதுக்குக் காரணமும் பெரும்பாலும் இந்த வெள்ளைப் பொடிங்கதான்.

ஆனா பட்டியலைப் பார்த்து அளவு கண்டுபிடிக்க முடியாது. 1 சதவீதத்துக்கு மேல இருக்கிறதைத்தான் இறங்கு வரிசையில போடணும். கூட்டல் கழித்தல் குறிக்கு அப்புறம் வர்ற நிறமிங்க, சி.ஐ. 77891 (டைட்டானியம் டை ஆக்சைடு), 77491 (இரும்பு ஆக்சைடு) எல்லாம், எந்த வரிசையிலயும் இருக்கலாம்.

காசு போடணும்னா டியோக்ரோம்ல போடுங்க. ஒரு பக்கம் பார்த்தா செம்பு, தலை திருப்பினா பச்சைன்னு மாறுமே, அது. அதுல மாநிறமும் கருப்பும்தான் ஜெயிக்கும். அந்தச் செதில் ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்பிட்டு மிச்ச வெளிச்சத்தை உள்ள விடுது. அடியில கருப்பா இருந்தா உள்ள போனதை விழுங்கிடும், திரும்பின நிறம் மட்டும் பளிச்சுன்னு நிக்கும். அடி வெள்ளையா இருந்தா எல்லாமே திரும்பி வந்து கலந்து, நிறம் வெளிறிடும். கருமை மறைக்கிற கன்சீலரை இமை முழுக்க வெளுப்பாப் பூசிட்டு மேல டியோக்ரோம் வச்சுட்டு, "லக்ஷரின்னாங்க, ஒண்ணுமே தெரியல"ன்னு சொல்றவங்க நிறைய. அடியில காபி நிற மேட் (மின்னாத) ஷேடோவோ, காஜல் பென்சிலோ மெல்லிசா இழுத்துட்டு வைங்க.

பள்ளிப்பட்டு_பிரைடல் பதில்:

உதிர்றதுக்கும் கோடு விழறதுக்கும் நான் சொல்றேன். பாதி தப்பு ஷேடோ மேல இல்ல, அடித்தளத்து மேலதான்.

இமையை மேக்கப் துடைக்கிற மைசெல்லர் தண்ணியில துடைச்சு, டிஷ்யூவால ஒத்தி எடுங்க. நலங்கு எண்ணெய், மஞ்சள் எல்லாம் இமை மயிர் வேர்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், பஞ்சைத் திருப்பிப் பார்த்தா மஞ்சளா வரும். அது வெள்ளையா வர்ற வரைக்கும் துடைங்க. ப்ரைமர், அதாவது ஷேடோ பிடிக்க அடியில பூசுற கிரீம், ரெண்டு இமைக்கும் சேர்த்து ஒரு அரிசி அளவு. அதுக்கு மேல போனா அதுவே நழுவி மடிப்புல சேரும். மடிப்புல மேட் ஷேடோ போடுற இடத்துல மட்டும் பவுடர் வைங்க. ஷிம்மர் வர்ற நடு இமையில பவுடர் வேண்டாம், பசை இருந்தாத்தான் செதில் படுத்து ஒட்டும். செதில் படுத்திருந்தா கண்ணாடி மாதிரி மின்னும், தாறுமாறா நின்னா வெறும் பொடிதான்.

அதனாலதான் ஷிம்மரைத் தேய்க்கக் கூடாது, அழுத்தணும். பஞ்சுமாதிரி பிரஷ் வேண்டாம். தட்டையான, அடர்த்தியான சின்ன சிந்தெட்டிக் பிரஷ், இல்லைன்னா கையுறை போட்ட மோதிர விரல். பிரஷ்ல எடுத்த அப்புறம் பிரஷ் மேல ஒரு தடவை ஸ்ப்ரே. பான், அதாவது டப்பாவுல ஷேடோவை அழுத்தி வச்ச தட்டு, அது மேல அடிச்சா ஈரமும் எண்ணெயும் சேர்ந்து மேல ஒரு ஏடு கட்டிடும், அப்புறம் விரல்ல ஒண்ணுமே வராது. கட்டிப்போச்சுன்னா செல்லோடேப்பை லேசா வச்சு உரிச்சா மேல் ஏடு வந்துடும்.

கண்ணு முதல்ல, ஃபவுண்டேஷன் அப்புறம். உதிர்ந்ததைத் தேய்க்காம டேப்போ ஈரப் பஞ்சோ வச்சு எடுத்துட்டு முகத்துக்கு வாங்க. இந்த வரிசையைப் பிடிச்சா 450 ரூபா ஷேடோவும் ஒழுங்கா இருக்கும்.

தெலுங்குக் கல்யாணத்துக்குத் தனிக் கவனம். தலம்பிராலு கொட்டுறப்போ மஞ்சளும் நெய்யும் கலந்த அரிசி நெத்தியில பட்டு நேரா இமையில வந்து நிக்கும். அதை மணப்பெண் கையால தேய்ச்சா போச்சு. பக்கத்துல இருக்கிற அக்காவோ அத்தையோ கையில ஒரு காஞ்ச பிரஷைக் கொடுத்து, அரிசியைத் தட்டி விடச் சொல்லிட்டுப் போங்க. ஓமம்னா கண்ணு கலங்கும், உள் மூலையில வச்ச ஷிம்மர் முதல் பத்து நிமிஷத்துல கன்னத்துக்கு வந்துடும். அங்க வைக்காதீங்க, நடு இமையோட நிறுத்துங்க. ஃபிளாஷ் விழற ராத்திரிக் கல்யாணத்துல புருவ எலும்பு மேல வெள்ளி ஷிம்மரும் கூடாது, போட்டோவுல அந்த இடம் வெள்ளைத் திட்டாயிடும்.

நகரி_பார்லர்:

ரொம்ப நன்றிங்க அக்கா, அடித்தளம் புரிஞ்சுது. டியோக்ரோம்னா விலை இன்னும் கூடும்போல இருக்கே. ஒரு பொண்ணுக்கு எவ்வளவு செலவாகும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

கணக்குப்பிள்ளை பதில்:

டப்பா விலையைப் பார்க்காதீங்க, முகத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க. 1.5 கிராம்னா 1,500 மில்லிகிராம். ரெண்டு கண்ணுக்கும் 20 மில்லிகிராம் போகுதுன்னு வச்சா 75 முகம். உதிர்றது, உடையறதுன்னு கால்வாசி கழிச்சா 56. 3,500-ஐ வகுத்தா ஒரு பொண்ணுக்குச் சுமார் 62 ரூபா. 450 ரூபாயதுக்கு 8 ரூபா. வித்தியாசம் 54 ரூபா. பேக்கேஜ்ல இது பூக்காசு கூட இல்ல. உங்க கையில எவ்வளவு போகுதுன்னு தெரியணும்னா நகைக்கடைத் தராசுல முதல் நாளும், பத்து முகத்துக்கு அப்புறமும் டப்பாவை வச்சுப் பாருங்க, சரியா வந்துடும்.

அதனால முதல் பதில் சொன்னவரோட ஒரு இடத்துல ஒத்துப்போக முடியல. ஷாம்பெயின் கோல்டு பழகின சரக்குதான், ஆனா உங்ககிட்ட தினமும் ஓடுற நிறமும் அதுதான். மாசம் நாலரை கல்யாணம்னா ஒரு வருஷத்துல தீர்ந்துடும். டப்பா பின்னாடி திறந்த மூடி படத்துல 12 எம்னு, அதாவது திறந்த அப்புறம் 12 மாசம்னு போட்டிருந்தா, அந்தக் கெடுவுக்குள்ளயே முடிஞ்ச மாதிரி. டியோக்ரோமை நாலு பொண்ணுல ஒருத்திதான் கேப்பா, அது நாலு வருஷம் கிடக்கும். சொந்த உபயோகத்துக்கு, வருஷத்துக்கு ஆறு விசேஷம் போறவங்களுக்கு, இந்தக் கணக்கே தலைகீழ். 3,500-ல பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும்.

காக்காப்பொன்:

சரி, கணக்கு ஒத்துக்கறேன். ஆனா 54 ரூபா கூடக் கொடுத்தும் போட்டோவுல வித்தியாசம் தெரியலைன்னா அது 54 ரூபா நஷ்டம்தானே? வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே கையில, ப்ரைமர் இல்லாம, முன்கை உள்பக்கம் ஒவ்வொரு விரல் இழுப்பு இழுத்துப் பாருங்க. கடை லைட்டுல முடிவு பண்ணாதீங்க, வாசலுக்கு வாங்க. அப்புறம் நிழல்ல ஒரு தடவை ஃபிளாஷ் போட்டு போன்ல எடுங்க. கைக்கு அடியில வெள்ளைப் பேப்பர் வச்சு, விரலால தட்டி, எது அதிகமாக் கொட்டுதுன்னு பாருங்க. கடையில தடவிப் பார்க்க வச்சிருக்கிற டெஸ்டரைக் கண்ணுல மட்டும் வைக்காதீங்க, எத்தனை பேர் விரல் பட்டதோ.

கும்மிடிப்பூண்டி_சரக்கு பதில்:

வாங்கற இடம் பத்தி. இறக்குமதிச் சரக்குன்னா டப்பாவுல இந்திய ஸ்டிக்கர் இருக்கணும்: இறக்குமதி பண்ணினவர் பேரு, முகவரி, பதிவு எண், எம்ஆர்பி, எடை, மாசம் வருஷம். "துபாய்ல இருந்து வந்தது, அதான் ஸ்டிக்கர் இல்ல"ன்னா பில்லும் இருக்காது, கெட்டா கேக்கவும் ஆள் இருக்காது. 3,500 ரூபா ஷேடோ 900-க்குக் கிடைக்குதுன்னா போலின்னே வச்சுக்கோங்க. டப்பாவுலயும் உள் பான் கேஸ் அடியிலயும் பேட்ச் எண் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. சின்ன டப்பியில பிரிச்சுப் போட்டு விக்கறது வேண்டவே வேண்டாம், எந்தக் கையால பிரிச்சாங்கன்னு தெரியாது.

முதல் தடவை வாங்கறதைக் கடையில வாங்குங்க, சென்னையோ திருப்பதியோ, எது தோதோ. நிறம் தெரிஞ்ச அப்புறம் ஆன்லைன் போதும், பார்சல் பிரிக்கறதை மட்டும் வீடியோ எடுங்க. மெத்துன்னு அழுத்தின ஷிம்மர்தான் கூரியர்ல முதல்ல உடையும். உடைஞ்சா ஆல்கஹால் விட்டுக் குழைச்சு அழுத்தலாம்தான், ஆனா காஞ்சதும் பழைய வெண்ணெய்ப் பதம் வராது. அதனால குழைக்காம, பொடியாவே ஒரு மூடி டப்பியில சேர்த்து வச்சு, கிளிட்டர் பசை மேல அழுத்தி உபயோகிங்க.

பள்ளிப்பட்டு_பிரைடல்:

ஒண்ணு விட்டுப்போச்சு. ஜொலிப்பு பத்தலைன்னு கைவினைக் கடை கிளிட்டரை மேல தூவாதீங்க. அது வெட்டின பிளாஸ்டிக், ஓரம் கூர்மை, கருவிழியைக் கீறிடும். மணப்பெண் லென்ஸ் போடுறவங்களா இருந்தா மேக்கப்புக்கு முன்னாடியே லென்ஸ் போட்டுடணும், கலைக்கறதுக்கு முன்னாடியே கழட்டிடணும். ஷேடோவை நேரா பான்ல இருந்து எடுக்காம ஸ்பேட்டுலாவால சுரண்டித் தட்டுல வச்சுக்கோங்க. ஒருத்தி கண்ணுல கட்டி இருந்தா அடுத்தவளுக்குப் போகாது, 3,500 ரூபா பானும் சுத்தமா இருக்கும்.