பக்கவாதம்: நல்ல கைக்கு உறை மாட்டிப் பயிற்சி, வீட்டில் செய்யலாமா?

கேள்வி (மன்னார்குடி)
அப்பாவுக்கு 61 வயது. மூளை ரத்தக்குழாய் அடைத்து வலது கை கால் இழுத்துக்கொண்டு நாலு மாதம் ஆகிறது. இடது கையில் ஊன்றுகோல் பிடித்து நடக்கிறார். வலது மணிக்கட்டு கொஞ்சம் தூக்க வருகிறது, விரல் பாதி விரிகிறது. ஆனாலும் சாப்பாடு முதல் சட்டைப் பொத்தான் வரை இடது கைதான். நல்ல கையைக் கட்டிவிட்டால் வலது கை வரும் என்கிறார்கள். ரப்பர் பந்து அமுக்கவும், உத்தரத்தில் கப்பி மாட்டிக் கையை மேலே இழுக்கவும் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எதைச் செய்ய?

பதில் 1 (பிசியோதெரபிஸ்ட், தஞ்சாவூர்)
கப்பி வேண்டவே வேண்டாம். தோள் தசை தளர்ந்திருக்கும்போது கையைத் தலைக்கு மேல் இழுத்தால் மூட்டுக்குள் தசைநார் நசுங்கும். தோள்வலி வந்துவிட்டால் கைப்பயிற்சியே நின்றுபோகும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் கூடாது. பந்தையும் விடுங்கள், மடக்கும் தசை ஏற்கெனவே இறுகிக்கிடக்கிறது, வர வேண்டியது விரிக்கும் வேலை.

முதலில் இதைப் பாருங்கள். முன்கை மேசைமேல், மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். மணிக்கட்டை 10 டிகிரி தூக்கி, கட்டைவிரலோடு இன்னும் இரண்டு விரலை 10 டிகிரி விரிக்க வேண்டும், ஒரு நிமிடத்தில் 3 தடவை. வந்தால், நல்ல கைக்கு உறை மாட்டிச் செய்யும் பயிற்சிக்கு ஏற்ற கை.

நல்ல கையைக் கட்டாதீர்கள். பஞ்சு வைத்துத் தைத்த துணி உறை போதும், சட்டென்று உருவ வர வேண்டும். ஊன்றுகோல் அந்தக் கையில்தான் என்பதால் எழுந்து நடக்கும்போது உறை இருக்கவே கூடாது. குளியல், படிக்கட்டு, சூடான காபி, இதற்கெல்லாமும் கழற்றிவிடுங்கள்.

பதில் 2 (திருவாரூர்)
இந்த உறைப் பயிற்சியைச் சோதித்து 2006-ல் வெளியான எக்சைட் ஆய்வில் 222 பேர், எல்லோரும் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை, வேலை நாட்களில் 6 மணி நேரம் வரை பயிற்சி, இரண்டு வாரம். ஓராண்டு கழித்தும் கைப்பயன்பாடு கூடியிருந்தது. உங்கள் அப்பா அந்தக் காலக்கெடுவுக்குள் இருக்கிறார். உறையை மட்டும் மாட்டிவிட்டுச் சும்மா உட்காரவைத்தால் பலன் வராது, பலன் தருவது பயிற்சிதான். அதே சமயம், இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரிடம் நடந்த அட்டென்ட் ஆய்வில் (2017) குடும்பத்தாரே வீட்டில் தந்த பயிற்சி ஆறு மாதத்தில் வித்தியாசம் காட்டவில்லை. அதனால் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். என்ன வேலை கொடுப்பது?

பதில் 1
வெற்றிலைத் தட்டிலிருந்து கொட்டைப்பாக்கை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடுவது, காலி டம்ளரை எடுத்து டபராவில் வைப்பது, துண்டு மடிப்பது. பிறகு வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுவது. பத்துப் பத்தாக எண்ணுங்கள். பத்தில் எட்டு சரியாக வந்தால் கிண்ணத்தைத் தள்ளிவையுங்கள், அல்லது பாக்குக்குப் பதில் புளியங்கொட்டை. கை நீட்டாமல் உடம்பைச் சாய்த்து எட்டப் பார்ப்பார். அப்போது மார்பைத் துண்டால் நாற்காலி முதுகோடு தளர்வாகக் கட்டுங்கள். தோளில் வலித்தாலோ விரல் இறுகி மூடிக்கொண்டாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.