குண்டுவீச்சில இடிபாட்டுக்குள்ள இறங்கின சாதாரண சனம் பற்றி தெரிஞ்சவை சொல்லுங்கோ

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலமை ஜப்பான்காரன் கொழும்பு ஹாபருக்கு குண்டு போட்டது தெரியும், பேர்ச்சோல் எண்ட பைலட் முதல் நாளே கப்பல்களைக் கண்டு வயர்லெஸ்ல அறிவிச்சதும் தெரியும், ஆனா அந்த நேரம் சாதாரண ஆக்கள் என்ன செய்தவை எண்டு ஒருத்தரும் கதைக்கிறேல்ல. அங்கொடை ஆஸ்பத்திரியிலயும் குண்டு விழுந்தது. இடிஞ்ச கட்டடத்துக்குள்ள அம்பிட்ட ஆக்களை எப்பிடி வெளிய எடுக்கிறது? இப்பிடியானவைக்கு மெடல் ஏதும் குடுத்தவையா?

வெள்ளவத்தை வாசகன்:
கொழும்பில ஏ.ஆர்.பி (வான் தாக்குதல் பாதுகாப்பு) வோர்டன்மார் இருந்தவை, சிவில் டிஃபென்ஸ் கமிஷனரா ஒலிவர் குணதிலக்க. மெடல் எண்டா இங்கிலாந்தைப் பாருங்கோ, 1940 செப்டெம்பர்ல ஜோர்ஜ் மன்னர் ஜோர்ஜ் குறோஸ், ஜோர்ஜ் மெடல் ரெண்டையும் தொடங்கினதே முக்கியமா பொதுமக்களை நினைச்சுத்தான். நேரடியா முதல் ஜோர்ஜ் குறோஸ் எடுத்தவர் தோமஸ் ஆல்டர்சன், பிரிட்லிங்டன் எண்ட கரையோர ஊரில ரெஸ்கியூ பார்ட்டி லீடர். அஞ்சு மாடிக் கட்டடங்கள் இடிஞ்சு ஆறு பேர் நிலவறைக்குள்ள, காஸ் லீக் ஆகுது, பைப் வெடிச்சதால தண்ணி ஏறிடுமோ எண்ட பயம் வேற, மனுசன் மூண்டரை மணித்தியாலம் சுரங்கம் மாதிரி தோண்டி ஆறு பேரையும் உயிரோட எடுத்தவர். லண்டன் ரெஸ்கியூ ஆக்களிலயும் கனபேர் கட்டட வேலைக்காரர்தான், எந்தச் சுவர் நிக்கும் எது சரியும் எண்டு அவைக்குத்தான் தெரியும். ஒரு ஆள் கையைத் தூக்கினா எல்லாரும் கப்சிப், உள்ளுக்க தட்டுற சத்தம் கேக்குதோ எண்டு காது குடுப்பினம். இதுதான் எனக்கு பெரிய வீரமாப் படுது, அவசரப்பட்டு இழுத்தா மேல இருக்கிறது எல்லாம் கீழ வந்திடும்.

வடமராட்சி மகள்:
எங்கட பக்கம் வோர்டனும் இல்லை ஒண்டும் இல்லை, பக்கத்து வீட்டுச் சனம்தான். 95 ஜூலை 9 நவாலி சேர்ச்சடியில குண்டு போட்டு நூறு பேருக்கு மேல செத்தது எல்லாருக்கும் தெரியும். எங்கட ஊரில ஒருக்கா பொம்மர் குண்டைப் போட்டுட்டு திரும்பச் சுத்திக்கொண்டு நிக்கேக்கயே எங்கட மாமா, அவர் மேசன், ரோட்டைக் கடந்து ஓடினவர். பங்கருக்குள்ள இருந்த அம்மா கத்து கத்தெண்டு கத்தினவ. இடிஞ்ச வீட்டுக்குள்ள ஒரு பிள்ளை இருந்தது, சுவருக்கு முட்டுக் குடுத்திட்டு கல்லை ஒவ்வொண்டா எடுத்தவை, கதவைக் கழட்டி அதில வச்சுத்தான் தூக்கிக்கொண்டு போனவை.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
அக்கா, பிள்ளை தப்பினதோ? முட்டுக்கு என்னத்தைப் பாவிச்சவை?

வடமராட்சி மகள்:
ஓம் தம்பி, தப்பிட்டா, இப்ப கனடாவில. முட்டு அந்த வீட்டுக் கூரையில இருந்து விழுந்த பனந்தீராந்திதான்.