ஆர்எக்ஸ்-7: மேட்டில் ஏறும்போது பூஸ்ட் பாதியாகிறது, எங்கிருந்து தேடுவது?

கிள்ளான் எஃப்டி

வணக்கம். என்னிடம் இருப்பது 1996 மாஸ்டா ஆர்எக்ஸ்-7, எஃப்டி (மூன்றாம் தலைமுறை), ரோட்டரி என்ஜின், மேனுவல் கியர். ஜப்பானிலிருந்து வந்தபோது இருந்த இரட்டை டர்போதான் இன்னும் இருக்கிறது. வெளியில் வாங்கிப் பொருத்தியவை எக்ஸாஸ்டும், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) காட்டும் ஒரு மீட்டரும் மட்டுமே.

கெந்திங் மலை ஏறும்போது மூன்றாவது கியரில் 3000 ஆர்பிஎம்முக்கும் 4000-க்கும் நடுவில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினால் முதலில் 0.7 பார் வருகிறது. சில விநாடிகளில் முள் மெதுவாக இறங்கி 0.35 பக்கம் நின்றுவிடுகிறது. வண்டி இழுவையே இல்லாமல் ஊர்கிறது. காலை எடுத்து மறுபடி அழுத்தினால் திரும்பவும் 0.7, திரும்பவும் இறக்கம். 4500 தாண்டினால் ஒரு தடுமாற்றம், அப்புறம் 0.7 வந்துவிடுகிறது. காராக் நெடுஞ்சாலையில் லாரியை முந்தும் அளவுக்குச் சின்ன அழுத்தம் என்றால் குறையே தெரிவதில்லை.

ஐட்லிங் சீராக இருக்கிறது. புகை இல்லை, கூலன்ட் குறையவில்லை. பிளக், பெட்ரோல் ஃபில்டர் இரண்டும் புதுசு. ஆக்டேன் 97 பெட்ரோல் மட்டும்தான் ஊற்றுகிறேன். காட்டிய பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "டர்போ போச்சு, ஒற்றை டர்போவாக மாற்றிவிடலாம்" என்கிறார்கள். சொன்ன தொகை என் சக்திக்கு மீறியது. அதை விட, இந்த வண்டியை இப்படியே வைத்திருக்கத்தான் ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பினாங்கு ஸ்பேனர்

தம்பி, டர்போவைக் கழற்றுகிற பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். காலை எடுத்து மறுபடி அழுத்தினால் 0.7 திரும்ப வருகிறது என்கிறீர்களே, தேய்ந்துபோன டர்போ அப்படிச் செய்யாது.

எஃப்டியில் 4500 வரை என்ஜினுக்குக் காற்று அனுப்புவது முதல் டர்போ மட்டும்தான். இரண்டாவது டர்போவின் காற்று வந்து சேரும் இடத்தில், ஒய் பைப் பக்கம், மடல் போல ஒரு வால்வ் இருக்கிறது. சார்ஜ் கன்ட்ரோல் வால்வ் என்பது அதுதான். அதை மூடிப் பிடித்திருப்பது வாக்குவம், அதாவது உறிஞ்சும் வெற்றிடம். வாக்குவம் போனால் தானாகத் திறந்துகொள்ளும். 4500-க்குக் கீழே அது திறந்தால், முதல் டர்போ அழுத்திய காற்று இன்னும் வேகம் பிடிக்காத இரண்டாவது டர்போவின் வழியாகப் பின்னால் ஓடிவிடும். மீட்டரில் பூஸ்ட் பாதியாகும்.

பூஸ்டில் ஓடும்போது என்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டில் வாக்குவமே கிடையாதே, அப்போது எது மூடிப் பிடிக்கிறது என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒரு சின்ன வாக்குவம் தொட்டி. காலை எடுக்கும்போதெல்லாம் அதில் வாக்குவம் சேரும். பூஸ்ட் உள்ளே புகாமல் தடுக்க வாசலில் ஒரு செக் வால்வ். அந்தச் செக் வால்வ் கசிந்தால் தொட்டியில் சேர்த்தது சில விநாடிதான் தாங்கும். நெடுஞ்சாலையில் குறுகிய அழுத்தத்தில் தெரியாது, கெந்திங் போல விடாமல் ஏறும் பாதையில்தான் தெரியும். உங்கள் வண்டி செய்வது அதையேதான். 4500-இல் வரும் தடுமாற்றமும் இதோடு சேர்ந்ததாகத்தான் இருக்கும். இரண்டாவது டர்போவுக்குப் புகையைத் திறந்துவிடும் ஆக்சுவேட்டருக்கு ஒரு பக்கம் பூஸ்ட், மறுபக்கம் வாக்குவம் இரண்டும் வேண்டும். அந்த வாக்குவமும் இதே தொட்டியிலிருந்துதான் வருகிறது.

ஆனால் எதையும் பிரிக்கும் முன் என்ஜின் நலமா என்று பாருங்கள். சூடான என்ஜினில் ஒரு ரோட்டருக்கு (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோணத்துக்கு) ஒரு பிளக்கைக் கழற்றி, சாதாரணக் கம்ப்ரஷன் மீட்டரை மாட்டி, அதன் காற்று விடும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்ரோலையும் மின்பொறியையும் நிறுத்திவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். புஸ், புஸ், புஸ் என்று ரோட்டரின் மூன்று முகமும் ஒரே வலுவில் வர வேண்டும். அடுத்தடுத்த இரண்டு முகம் பலவீனமாக வந்தால் ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் மேல் சந்தேகம். ஒன்று மட்டும் என்றால் பக்கவாட்டு சீல். சரியான எண் வேண்டுமானால் ரோட்டரிக்கென்று உள்ள டெஸ்டர்தான் வேண்டும். ஆனாலும் இந்தக் காதுப் பரிசோதனை பெரிய கோளாறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அது நன்றாக இருந்தால் அடுத்து இதைச் செய்யுங்கள். சார்ஜ் கன்ட்ரோல் ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸில் ஒரு டி (மூன்று வாய் இணைப்பு) மாட்டி, நீளமான ஹோஸ் வழியாக ஒரு வாக்குவம் மீட்டரை உள்ளே கொண்டுவாருங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து மேடு ஏறுங்கள். பூஸ்ட் இறங்கும் அதே நேரத்தில் வாக்குவமும் இறங்கினால் தொட்டி, செக் வால்வ், ஹோஸ் இந்த மூன்றில் ஒன்று. வாக்குவம் அப்படியே நின்று பூஸ்ட் மட்டும் இறங்கினால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஜொகூர் 13பி

நான் ஒற்றை டர்போவுக்கு மாறியவன், அதனால் சொல்கிறேன். மேலே போனால் சக்தி அருமை, என்ஜின் அறையும் காலியாகி வேலை செய்ய வசதி. ஆனால் டர்போவோடு செலவு நிற்காது. ஈசியு (என்ஜின் கணினி), இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், இன்டர்கூலர், அப்புறம் ரோட்டரி தெரிந்த ஒருவர் டியூன் செய்ய வேண்டும். கலவையில் பெட்ரோல் கொஞ்சம் குறைந்தாலும் ஏபெக்ஸ் சீல் போய்விடும், பிஸ்டன் என்ஜின் பொறுத்துக்கொள்வதைக்கூட ரோட்டரி பொறுக்காது.

மலைப்பாதையில் கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கிற அந்த உடனடி இழுவை என் வண்டியில் இப்போது இல்லை. ஆசைப்பட்டு மாற்றுவது வேறு, பழுதுக்குப் பயந்து மாற்றுவது வேறு. அண்ணன் சொன்ன சோதனையை முதலில் செய்யுங்கள்.

கிள்ளான் எஃப்டி

நன்றி அண்ணே. தொட்டி இருப்பதே எனக்குத் தெரியாது. இந்த வாரக் கடைசியில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மெல்பர்ன் ரோட்டரி

எப்படியும் மேல் மேனிஃபோல்டைக் கழற்றப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் சாமானை முன்கூட்டியே வாங்கிவையுங்கள். பாதி பிரித்த வண்டியை வைத்துக்கொண்டு பார்சலுக்குக் காத்திருப்பது கொடுமை.

சிலிக்கான் வாக்குவம் ஹோஸ் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர், சில இடங்களுக்கு 6. மேல் மேனிஃபோல்ட் காஸ்கெட். செக் வால்வை ஒன்று மட்டும் வாங்காதீர்கள். அங்கே இருப்பவை எல்லாமே ஒரே வயசு, ஒரே சூட்டில் கிடந்தவை. மாஸ்டா 2020-இல் எஃப்சி (இரண்டாம் தலைமுறை), எஃப்டி இரண்டுக்கும் நின்றுபோன சில பாகங்களை மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது. அதனால் "வராது" என்று ஒரு கடையில் சொன்னாலும் பாக எண்ணை வைத்துக்கொண்டு ஜப்பானில் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டி) கடையில் சொலினாய்ட் (மின்சாரத்தில் திறந்து மூடும் சின்ன வால்வ்) ரேக்கை முழுசாக வாங்கினால் உங்களுடையதைப் போலவே வெந்துபோன ஹோஸும் கூடவே வரும், அதை நம்பாதீர்கள்.

பெட்ரோல் ஹோஸ்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் அழுத்தம் தாங்கும் ரகம்தான் வேண்டும். எஃப்டி தீப்பிடித்த கதைகளில் பல அந்தக் காய்ந்த ஹோஸில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

கிள்ளான் எஃப்டி

சோதித்துவிட்டேன். இரண்டு ரோட்டரிலும் மூன்று முகமும் சமமாக அடிக்கின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

மீட்டரை உள்ளே கொண்டுவந்து, தம்பியைப் பக்கத்தில் வைத்து மலை ஏறினேன். அழுத்திய உடனே வாக்குவம் முள் இறங்க ஆரம்பித்தது. அது பூஜ்யத்தை நெருங்கும்போது பூஸ்ட் பொத்தென்று விழுந்தது. காலை எடுத்தால் இரண்டும் பழைய நிலை. எத்தனை தடவை ஏறினாலும் அதே வரிசை.

பினாங்கு ஸ்பேனர்

அப்படியானால் மேனிஃபோல்டைக் கழற்றலாம். என்ஜின் ஆறியபிறகு, பெட்ரோல் அழுத்தத்தை விட்டுவிட்டு, பேட்டரி வயரை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மேல் பாகம் வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, கீழே திறந்து கிடக்கும் துளைகளைச் சுத்தமான துணியால் அடைப்பது. ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் இத்தனை நேரம் பேசிய எல்லாமே வீண். அடுத்து படம் எடுங்கள். நேராக, பக்கத்திலிருந்து, டார்ச் அடித்து, சலிக்கும்வரை. சொலினாய்ட் ரேக்கில் குறுக்கும் நெடுக்குமாக அறுபது எழுபது ஹோஸ் ஓடும். ஒன்றை எடுத்தால் அதே இடத்தில் புதுசைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். பழையதை இழுத்து எடுக்காதீர்கள், பிளேடால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். இழுத்தால் பிளாஸ்டிக் நிப்பிள் முறுக்கு மாதிரி ஒடிந்துவிடும்.

செக் வால்வைச் சோதிக்க வாயே போதும். ஒரு பக்கம் ஊதினால் போக வேண்டும், மறுபக்கம் ஊதினால் துளிகூடப் போகக் கூடாது. வாயால் தெரியாத கசிவுக்குக் கை வாக்குவம் பம்ப் வையுங்கள். சொலினாய்ட் ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட் கொடுத்து டக் என்கிறதா, காற்று வழி மாறுகிறதா என்று பாருங்கள். டக் சத்தம் மட்டும் போதாது. சத்தம் வந்தும் கசிகிறவை உண்டு.

இன்னொன்று, இதை எல்லாரும் தவறவிடுகிறார்கள். பூஸ்டை அளவோடு வைக்கும் வேஸ்ட்கேட்டுக்கும், இரண்டாவது டர்போவை முன்கூட்டியே சுழலவைக்கும் பிரீகன்ட்ரோலுக்கும் போகும் ஹோஸுக்குள்ளே ஊசித்துளை போட்ட சின்ன உலோக மணி ஒன்று இருக்கும். வெளியிலிருந்து தெரியாது, விரலால் நசுக்கிப் பார்த்தால்தான் கட்டியாகத் தட்டுப்படும். பழைய ஹோஸைக் குப்பையில் போடும்போது அதுவும் போய்விடும். அந்த மணி இல்லாமல் மாட்டினால் பூஸ்ட் கட்டுப்பாடே மாறிவிடும். எடுத்துத் துடைத்து, துளை அடையாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, புது ஹோஸில் அதே இடத்தில் வையுங்கள்.

ஈப்போ புதியவன்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் ஒரு எஃப்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலக்க வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பினாங்கு ஸ்பேனர்

என்ஜின் எண்ணெயையே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்துகிற பம்ப் எஃப்டியில் இருக்கிறது, அது வேலை செய்தால் கட்டாயமில்லை. ஆனாலும் நான் 10 லிட்டருக்கு 50 மில்லி கலக்கிறேன். பழைய பம்பை முழுசாக நம்ப மனம் வரவில்லை. பம்பைக் கழற்றிவிட்ட வண்டி என்றால் கலக்காமல் ஓட்டவே கூடாது, அளவும் கூட வேண்டும். வாங்கும் முன் விற்பவரிடம் அதைக் கேளுங்கள். கம்ப்ரஷன் பார்க்க ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள்.

கிள்ளான் எஃப்டி

முடிந்தது. எழுதிவைத்தால் இதே கோளாறு உள்ளவர்களுக்கு உதவும்.

வாக்குவம் தொட்டியின் செக் வால்வ் இரண்டு பக்கமும் காற்று விட்டது. உள்ளே இருந்த ரப்பர் கெட்டியாகி, ஓரம் சுருண்டுபோயிருந்தது. அதற்குப் போகும் ஹோஸில் நிப்பிளை ஒட்டி வட்டமாக ஒரு வெடிப்பு வேறு. வளைத்தால் மட்டும்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது. சொலினாய்டுகளில் ஒன்று சத்தம் வந்தும் கசிந்தது, அண்ணன் சொன்னபடியே. அதையும் மாற்றிவிட்டேன். இரண்டு மணிகளும் கிடைத்தன. ஒன்றின் துளையில் கருப்பாக எண்ணெய் அடைந்திருந்தது, கார்ப் கிளீனரில் ஊறவைத்ததும் திறந்துவிட்டது. பெட்ரோல் ஹோஸும் புதுசு.

மேடு ஏறும்போது இப்போது 0.7 அசையாமல் நிற்கிறது. 4500-இல் 0.55 வரை ஒரு சின்ன இறக்கம், உடனே இரண்டாவது டர்போ சேர்ந்து 0.7. அந்தக் கணத்தில் முதுகில் விழுகிற தள்ளுக்காகத்தான் இந்த வண்டியையே வாங்கினேன். மொத்தச் செலவு, பட்டறையில் கேட்ட தொகையில் ஒரு ஓரத்துக்கு வராது. அண்ணே, மெல்பர்ன் நண்பரே, ஜொகூர் நண்பரே, மனமார்ந்த நன்றி.

ஒரு கேள்வி மிச்சம். கூலன்ட் காற்றைப் பிரிக்கும் அந்தக் கருப்புப் பிளாஸ்டிக் டப்பா இன்னும் பழையதுதான். வெடிப்பு எதுவும் கண்ணில் படவில்லை. விடலாமா?

மெல்பர்ன் ரோட்டரி

விடாதீர்கள். அதன் நடுவில் ஒட்டிய கோடு ஓடும், சொல்லாமல் கொள்ளாமல் அங்கேதான் பிளக்கும். அலுமினியத்தில் கிடைக்கிறது. எஃப்டியின் வெப்ப மீட்டர் வேறு, நிஜ வெப்பம் ஏறிக்கொண்டே போனாலும் நடுவிலேயே நிற்கும். அது நகர்வதைப் பார்த்து நிறுத்தினால் கூலன்ட் சீல் போயிருக்கும். தனியாக ஒரு வெப்ப மீட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

பினாங்கு ஸ்பேனர்

அதோடு ஃபேனும். கம்பெனி அமைப்பில் 105 டிகிரி பக்கம் வந்தபிறகுதான் ஓட ஆரம்பிக்கும். நம் ஊர் வெயிலுக்கும் கிள்ளான் நெரிசலுக்கும் அது ரொம்பத் தாமதம். சீக்கிரம் ஓடும்படி ஒரு சுவிட்ச் வையுங்கள். டப்பாவை மாற்றியதும் மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, குமிழி வருவது நிற்கும்வரை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். மறுநாள் காலை ஆறிய என்ஜினில் அளவைத் திரும்பப் பார்த்து ஊற்றுங்கள், எப்படியும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.