4-ல் மட்டும் ஓடிய ஹீட்டர் ஃபேன்: ரெசிஸ்டர் மாற்றியும் தீராத தொல்லை

குளிர் தொடங்கிய வாரத்தில்தான் என் கார் ஹீட்டர் ஃபேன் மக்கர் செய்ய ஆரம்பித்தது. விடிகாலையில் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். சாவியைத் திருப்பி, ஃபேன் குமிழை 1-ல் வைத்தேன். சத்தமே இல்லை. 2, 3-லும் அப்படியே. 4-ல் வைத்ததும் ஹோவென்று இரைந்து ஓடியது. கண்ணாடியில் படிந்த ஈரமூட்டம் விலகிவிட்டது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா பேசுவது காதில் விழவில்லை. கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். குறைத்தால் ஃபேன் நின்றுவிடும், கண்ணாடி திரும்ப மூடிக்கொள்ளும். வழி நெடுக அந்த இரைச்சலோடுதான் போனோம்.

4-ல் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் போய்விட்டது என்று பலரும் சொல்வார்கள். அது சரியான பேச்சுதான். குமிழால் வேகம் மாற்றும் பழைய மாடல்களில், குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் ரெசிஸ்டர் சுருள்கள் வழியாகப் போய் மட்டுப்படும். அதிக வேகத்தில் சுருள்களைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகும். அந்த ரெசிஸ்டரிலேயே சூடு மீறினால் அறுந்துகொள்ளும் ஒரு சின்ன ஃபியூஸும் இருக்கும். அது போனால் 1, 2, 3 மூன்றும் ஒரே நேரத்தில் செத்துவிடும். ஒரே ஒரு வேகம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், ஒரு சுருளோ சுவிட்சுக்குள் ஒரு முனையோ போயிருக்கும்.

ரெசிஸ்டரை நானே மாற்றினேன். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு ஸ்க்ரூ, ஒரு பிளக், அவ்வளவுதான். நான்கு வேகமும் வந்துவிட்டது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன்: அது ஏன் எரிந்தது?

மூன்றே வாரம். வண்டிக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை. மறுபடியும் 4 மட்டும்.

இந்தத் தடவை பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் பழுப்பேறி, விளிம்பு உருகி உள்வாங்கியிருந்தது. அந்த இடத்து பித்தளை முனை பளபளப்பு போய்க் கறுத்து, லேசாக விரிந்திருந்தது. வயரின் மேலுறையைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. முதல் தடவை இதே பிளக்கைத்தான் கண்ணால்கூடப் பார்க்காமல் புது ரெசிஸ்டரில் செருகியிருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முனை சரியாகக் கவ்வாத இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே, 20 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கேயே போய்விடும். 40 வாட் வெப்பம்! சாலிடரிங் அயனின் சூடு இது, ஒரு சின்ன பிளாஸ்டிக் பிளக்குக்குள்.

அப்புறம் மோட்டாரைக் கழற்றினேன். விசிறியைக் கையால் சுண்டிவிட்டால் சில சுற்று தானாகச் சுற்ற வேண்டும். என்னுடையது அரைச் சுற்றோடு நின்றது. தண்டைத் தாங்கும் வளையமான புஷ் காய்ந்துபோய் தண்டை இறுக்கிப் பிடித்திருந்தது. இறுக்கமாகச் சுற்றும் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். டிசி, அதாவது பேட்டரி மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிப் பார்த்தபோது 4-ல் 24 ஆம்பியர் காட்டியது. பிறகு புது மோட்டார் போட்டு அளந்தேன், 16. (வீட்டு மின்சாரம் போன்ற ஏசி கரண்டை மட்டும் அளக்கும் கிளாம்ப் இதற்கு உதவாது. சாதாரண மல்டிமீட்டரின் ஆம்பியர் ஓட்டை பெரும்பாலும் 10 ஆம்பியருக்குத்தான், அதில் இதை அளக்க முயன்றால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.)

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கேபின் ஃபில்டரை உருவினேன், சாம்பல் நிறத்தில் கம்பளி போல் தூசி அப்பியிருந்தது. ரெசிஸ்டரைக் காற்று போகும் வழியில் வைப்பதே அந்தக் காற்றில் அது குளிர்வதற்காகத்தான். ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், ரெசிஸ்டர் தகிக்கும். மோட்டார், ரெசிஸ்டர், வயரோடு கூடிய புது பிளக், ஃபில்டர் நான்கையும் சேர்த்து மாற்றினேன். அடுத்த குளிர்காலமும் தாண்டிவிட்டது, தொல்லையில்லை. ரெசிஸ்டர் எரிந்த யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், புதியதை மாட்டும் முன் மோட்டாரையும் பிளக்கையும் பாருங்கள். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

எனக்கு வந்தது வேறு மாதிரி. ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் ஓடாது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் திடீரென்று உயிர் வரும். ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. கடைசியில் மல்டிமீட்டரை எடுத்தேன். ஃபேன் நின்றிருக்கும் நேரத்தில் மோட்டார் பிளக்கிலேயே அளந்தால் 13.8 வோல்ட். கரண்ட் வாசல்வரை வந்து நிற்கிறது, மோட்டார்தான் எழுந்திருக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மோட்டார் உடம்பில் மெல்லத் தட்டினேன், சுற்ற ஆரம்பித்தது! மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகிவிட்டால் இப்படித்தான் ஆகும். தட்டினால் ஓடுகிறதே என்று நானும் ஒரு மாதம் தட்டிக்கொண்டே ஓட்டினேன். அது தப்பு. ஒரு மழை இரவில் நெடுஞ்சாலையில் கண்ணாடி முழுக்க மூடிக்கொண்டபோது எவ்வளவு தட்டியும் அசையவில்லை. ஜன்னலை இறக்கி, நனைந்துகொண்டே ஓரங்கட்டினேன். தட்டினால் ஓடும் மோட்டாரை அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

* * *

என் காரில் இருப்பது ஆட்டோமேட்டிக் ஏசி. அதில் சுருள் ரெசிஸ்டர் கிடையாது, அலுமினியத் தகடுகளோடு ஒரு மின்னணு மாட்யூல்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சாவியை எடுத்த பிறகும் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் பேட்டரி சுத்தமாகக் காலி. மாட்யூலை வெளியே எடுத்தால் பின்களில் பச்சைப் பூஞ்சை போலத் துரு. வைப்பருக்குக் கீழே மழைநீர் வடியும் துவாரத்தில் இலைகள் மக்கி அடைத்திருந்தன. தண்ணீர் வழி தேடி ஃபேன் கூட்டுக்குள் இறங்கியிருக்கிறது. முதலில் இலையை அள்ளிவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அது வண்டிக்குக் கீழே வடிகிறதா என்று பார்த்த பிறகுதான் புது மாட்யூல் மாட்டினேன். துவாரத்தைச் சுத்தம் செய்யாமல் மாட்டியிருந்தால் அடுத்த மழையில் அதுவும் போயிருக்கும்.

* * *

அண்ணா, எனக்கு 4 உட்பட எதிலும் ஓடவில்லை. 30 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது, புதிது போட்டால் இரண்டு நாளில் அதுவும் போகிறது. பக்கத்தில் ஒருவர் 40 போட்டுவிடு, நிற்கும் என்கிறார். போடலாமா?

* * *

தயவுசெய்து போடாதீர்கள் தம்பி. ஃபியூஸ் காப்பது வயரைத்தான். 30-க்குக் கணக்காகப் போட்ட வயரில் 40 ஓட விட்டால், ஃபியூஸுக்குப் பதில் டாஷ்போர்டுக்குள் வயர் எரியும். இரண்டு நாள் தாங்குகிறது என்றால் நேரடி ஷார்ட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. மோட்டார் இறுகியிருக்கலாம், அல்லது விசிறிக்குள் ஏதாவது சிக்கியிருக்கலாம். எலி கூடு கட்டியிருந்ததைக்கூட நான் பார்த்திருக்கிறேன். பிளக்கைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள், முதல் பதில் அங்கேயே கிடைக்கும்.

தாராளமாகச் சுற்றுகிறது என்றால் எர்த் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். ஃபேன் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் பின்னிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ துருவோ லூஸ் கான்டாக்டோ இருக்கிறது. அது ஃபியூஸை எரிக்காது, ஆனால் ஃபேனைச் சோர வைக்கும். சில கார்களில் வேகக் கட்டுப்பாடே எர்த் பக்கம்தான் இருக்கும், அவற்றில் 4-ல் வைத்து அளந்தால்தான் கணக்கு சரி.

க்ளவ் பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள், அந்தப் பக்கம் ஏர்பேக் வயர் போகும். பிளக்கை எடுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அமுக்கி உடம்பைப் பிடித்து எடுங்கள். எடுத்ததும் பின்கள் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.