தலை, கழுத்துப் புற்றுநோயில் எக்சோசோம் என்ன செய்கிறது?

கேள்வி: நம் செல்கள் எல்லாமே எக்சோசோம் வெளியிடும் என்கிறார்கள். அப்புறம் வாய், தொண்டைப் புற்றுநோயில் மட்டும் அதைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

பதில்: எக்சோசோம் என்பது செல் வெளியே அனுப்பும் நுண்ணிய பை. அளவு 30 முதல் 150 நானோமீட்டர்தான், ஆனால் உள்ளே புரதம், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏ எல்லாம் இருக்கும். கட்டிக்குள் ஆக்சிஜன் குறையும்போது செல்கள் அனுப்பும் எக்சோசோம்களில் மிஆர்-21 என்ற மைக்ரோ ஆர்என்ஏ கூடுகிறது, அது மற்ற புற்றுச் செல்களையும் பரவத் தூண்டுகிறது.

இன்னொரு பதில்: எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிடி-எல்1, நோய் எதிர்ப்புச் செல்களுக்குத் தடை போடும் புரதம். இந்தப் புரதத்தை மேல்பரப்பில் சுமந்துகொண்டு ரத்தத்தில் சுற்றும் எக்சோசோம்கள், கட்டிக்கு வெகு தொலைவில் இருக்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களைக்கூட அடக்கிவிடுகின்றன.

கேட்டவர்: சரி, எச்சிலை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: எச்சிலிலும் எக்சோசோம் கிடைக்கும், ஆனால் பிரித்தெடுக்கும் முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது. வாயில் ஆறாத புண் இருந்தால் இதற்காகக் காத்திருக்காதீர்கள், உறுதி செய்வது சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான்.