பழைய டான்ஸ், பாப் ஹிட் வினாடி வினா: ஆண்டுக் கேள்விக்கு எந்த விதி சரி?

1975 முதல் 1989 வரை பிரிட்டன் சார்ட்டில் (வாராந்தர விற்பனைத் தரவரிசையில்) வந்த பாடல்களை வைத்து வினாடி வினா ஒன்று தயாரிக்கிறேன். முதல் ஐந்து விநாடி மட்டும் ஒலிக்கும். பாடியவர், பாட்டு, ஆண்டு மூன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டில்தான் தகராறு.

ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் 'ரிலாக்ஸ்' 1983 அக்டோபரில் வெளிவந்தது, முதலிடம் பிடித்தது 1984 ஜனவரியில். இரண்டு பதிலிலும் நியாயம் இருக்கிறது.

வெளியான ஆண்டையே விதியாக வைத்தேன். ஸ்ட்ரீமிங் செயலிகள் பல பாடல்களுக்கு மறுபதிப்பு ஆண்டைக் காட்டுவதால், அதைப் பார்த்துப் படித்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உச்சம் தொட்ட ஆண்டு என்று மாற்றினால் நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே' கவிழ்க்கிறது. 1983இல் 12 அங்குல இசைத்தட்டாக வந்து 9ஆம் இடம். 1988 ரீமிக்ஸ் 3ஆம் இடம். ஒலிப்பது மூலப் பதிப்பின் அந்தக் கிக் டிரம், விடையோ 1988 என்றாகிவிடும். அது அந்தப் பாட்டுக்கே அநியாயம். ஓராண்டு முன்பின் இருந்தால் பாதி மதிப்பெண் என்பதும் இங்கே உதவாது.

வினாடி வினா நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்: ஒலிக்கும் பதிப்பு முதன்முதலில் சார்ட்டில் நுழைந்த ஆண்டு என்று விதி வைத்தால், அது எந்தப் பாடலிலாவது இடிக்குமா?